ஏழாம் மாசம் பாத்துக்கலாம்

நீ ஜன்னலோரமா தள்ளி உக்காந்துக்கோ கண்ணு. நான் நடுவுல உக்காந்துக்கறேன். இவ காலை ஆட்டிக்கிட்டே இருப்பா, உன் வயித்துல பட்டுரப் போகுது. மாசமாத்தானே இருக்கே? சீட்டைப் புடிச்சு உக்காந்த தினுசுலயே தெரிஞ்சுது. எத்தனை, நாலா? நல்லாயிரு சாமி.

பயப்படாதே, இவ யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டா. கையில அந்தக் குட்டி பாட்டில் இருக்கற வரைக்கும் சமத்து. கிலுகிலுன்னு ஆட்டுவா, காதுகிட்ட வெச்சுக் கேப்பா, மறுபடி ஆட்டுவா. இப்படியே ஈரோடு வரைக்கும் வந்துருவா. புடுங்கினாத்தான் கத்துவா, தன் கையையே கடிச்சுக்குவா. மணிக்கட்டுல தழும்பு இருக்கு பாரு. மூடி இறுக்கமாத்தான் இருக்கு, நான் ரெண்டு தடவை திருகிப் பாத்துட்டேன்.

பேத்திதான். என் பெரிய பொண்ணு கோகிலவாணி பெத்தது. தன்ஷிகான்னு பேரு. நீ கூப்பிட்டுப் பாரேன். பாத்தியா, திரும்ப மாட்டா. காது நல்லா கேக்கும், பக்கத்து வீட்டுல பிஸ்கட் கவரைப் பிரிச்சா இங்கிருந்து ஓடுவா. பேரைச் சொன்னாத்தான் திரும்பறதில்லை. அஞ்சு வயசு முடிஞ்சுருச்சு. தண்ணின்னா 'ண்ணி'ம்பா. எனக்குன்னு ஒரு சத்தம் வெச்சிருக்கா, 'ம்மே'ன்னு. அவங்கம்மாவுக்கு அதுகூடக் கிடையாது. என்னைத்தான் கூப்பிடுவா. அதுல எனக்குக் கொஞ்சம் பெருமைதான், இல்லைன்னு சொன்னா பொய்.

ஈரோட்டுல தெரபிக்குத்தான் கூட்டிட்டுப் போறேன். அங்க ஒரு டீச்சரம்மா பாசி கோக்கச் சொல்லும், பந்தை இந்தக் கூடையில இருந்து அந்தக் கூடைக்கு மாத்தச் சொல்லும். இவ பந்தைப் பாக்க மாட்டா, ஃபேனைப் பாப்பா. எல்கேஜி சேத்துனோம். ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கறா, பக்கத்துப் பசங்களைத் தள்ளி விடறா, நீங்க வேற எடம் பாருங்கன்னு பையைக் கையில குடுத்து அனுப்பிட்டாங்க. அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல உக்காந்து அழுதேன். பிஸ்கட் கேட்டு என் முந்தானையை இழுத்துட்டு நின்னா இவ.

நீ எந்தூரு, சேலமா? அப்ப சரி. சேலத்துல எங்களுக்கு ஒறம்பரை, சொந்தம்னு யாரும் இல்லை. இதையெல்லாம் வெள்ளகோயில்ல வாயைத் திறந்து யார்கிட்டயும் சொல்ல முடியாது, பொழுது விழறதுக்குள்ள காங்கேயம் போயிரும். காங்கேயத்துலதான் கோகிலாவைக் கட்டிக் குடுத்திருந்தேன். கேட்டுட்டு நீயே சொல்லு, தப்பு யாரு மேலன்னு. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு எனக்கு இன்னும் தெரியலை.

கோகிலா காலேஜ் படிக்கறப்பவே அவளுக்குத் தைராய்டு வந்துருச்சு. எப்பப் பாத்தாலும் தூக்கம், முடி கொத்துக் கொத்தா கொட்டும், கழுத்து லேசா வீங்கின மாதிரி இருந்துச்சு. ஈரோட்டுல ஒரு டாக்டர்கிட்டக் காட்டினோம். தினமும் விடியக்காலைல வெறும் வயித்துல ஒரு மாத்திரை, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி, டீ எல்லாம்னாரு. எத்தனை நாளைக்குன்னு கேட்டேன். நாள் கணக்கெல்லாம் இல்லைம்மா, வாழ்நாளுக்கும்னாரு. இத்துனூண்டு மாத்திரை. கடுகை விடக் கொஞ்சம் பெருசு. இதுக்கா வாழ்நாளுக்கும்னு நெனச்சேன்.

என் நாத்தனாரு ஒருத்தி இருக்கா, அவ பொண்ணுக்கும் இதேதான். அவ வெள்ளந்தி, பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட எல்லாம் மாத்திரை சாப்பிடறான்னு சொல்லிட்டா. வந்தவங்க காபியைக் குடிச்சுட்டு, கொழந்தை தங்காதாமேன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஒரு எடம் இல்லை, வந்த எடமெல்லாம் அப்படித்தான் போச்சு. அந்தப் பொண்ணு இன்னிக்கும் வீட்டுலதான் இருக்கு. நல்ல நாள் பொல்லா நாளுக்குக்கூட வெளிய வராது. அதைக் கண்ணால பாத்தவ நான். எனக்கு ரெண்டும் பொண்ணு. நான் பயந்தேன் கண்ணு. பயப்படாம என்ன பண்ணச் சொல்றே.

காங்கேயத்துல நல்ல எடம். தேங்காய்க் களம், சொந்தத்துல எண்ணெய் மில்லு, ஒரே பையன். யுவராஜ்னு பேரு. பையனும் தங்கமானவன்தான், வாய்தான் கிடையாது. அவங்கம்மா ருக்மணி சொல்றதுதான் அந்த வீட்டுல சட்டம். பொண்ணு பாக்க வந்தாங்க. ஜாதகம் கேட்டாங்க, நகை கேட்டாங்க, பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமான்னு கேட்டாங்க. சீக்கு நோவு ஏதாச்சும் உண்டான்னு கேட்டாங்களா? கேக்கலை. கேக்காததுக்கு நாமளா எதுக்குப் பதில் சொல்லணும்? எங்கூட்டுக்காரரு மட்டும் அன்னிக்கு ராத்திரி, ஒரு வார்த்தை சொல்லிரலாமான்னு மெதுவாக் கேட்டாரு. நீங்க போயி உங்க தறிக்குடோனைப் பாருங்கன்னேன். அதுக்கப்புறம் அவரு கேக்கவே இல்லை.

கல்யாணத்துக்குப் பெட்டி அடுக்கறப்ப நானே அந்த மாத்திரையைப் பவுடர் டப்பாவுல போட்டு, மேல பஞ்சை வெச்சு மூடிக் குடுத்தேன். தீந்துபோனா ஆடிக்கு வர்றப்ப, தீபாவளிக்கு வர்றப்ப வாங்கி வெக்கறேன், அங்க மருந்துக்கடைக்குப் போயிராதேன்னு சொல்லி அனுப்பினேன். தலையை ஆட்டினா. எம் பொண்ணு எதுக்கும் தலையைத்தான் ஆட்டுவா. அப்பெல்லாம்.

ஆனா அந்த வீட்டுல விடியக்காலைல ஒரு வாய் தண்ணிகூடத் தனியாக் குடிக்க முடியாது. ருக்மணி எல்லாருக்கும் முன்னாடி எந்திரிச்சு அடுப்படியில நிக்கும். முந்தானைக்குள்ள இருந்து என்னத்தையோ எடுத்து வாயில போட்டுத் தண்ணி குடிக்கும், கேட்டா பிரஷர் மாத்திரைன்னு சொல்லும். கோகிலா போனதும் காபியைக் கையில குடுத்துரும், சூடா இருக்கறப்பவே குடின்னு பக்கத்துலயே நிக்கும். அந்தம்மா மட்டும் அப்பக் குடிக்காது, பேப்பர் எல்லாம் படிச்சு முடிச்சுட்டு லேட்டாத்தான் குடிக்கும். இவ என்ன பண்ணுவா? காபிக்கு மேல ஒரு நாள் போடுவா, மத்தியானம் ஒரு நாள் போடுவா, ஆளுக இருந்தா போடவே மாட்டா. போன்ல சொல்லி அழுவா. புது எடம் அப்படித்தான் இருக்கும், பழகிரும்னு சொல்லுவேன்.

அந்த வருஷமே முழுகாம இருந்தா. எனக்குச் சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம். கொழந்தை தங்காதுன்னு சொன்னாங்களே, தங்கிருச்சு பாருன்னு நாத்தனாருக்குத்தான் மொதல்ல போன் பண்ணினேன். கோகிலா சொல்றா, அம்மா, மாசமானா ஒடனே வந்து பாக்கணும்னு ஈரோட்டு டாக்டர் அப்பவே சொன்னாரே, மாத்திரை கூட்டணுமாம், நான் போறேன்ங்கறா. என்னன்னு சொல்லிட்டுப் போவே? உன் மாமியார் கூட வந்து உக்காருமே, டாக்டர் அந்தம்மா முன்னாடியே எல்லாத்தையும் கொட்டிருவாரே. நான் தீர்மானமாச் சொல்லிட்டேன். மாசமா இருக்கறப்ப மாத்திரையே ஆகாது, இருக்கறதையும் நிறுத்திரு. ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு நம்ம வீட்டுக்குத்தானே வரப்போறே. வந்ததும் நானே கூட்டிட்டுப் போறேன். ஏழாம் மாசம் பாத்துக்கலாம்.

நீ ஏன் அப்படிப் பாக்கறே? பெத்தவ நான், கெட்டதா சொல்லுவேன்?

இரு, முத்தூர் வந்துருச்சு. ஏறட்டும். தம்பி, கூடையை அந்தப் பக்கம் வைப்பா, கொழந்தை கால் இருக்குது.

அப்பறம் என்னாச்சுன்னா, காங்கேயத்துல டாக்டரம்மா ரத்தம் டெஸ்ட் எழுதிக் குடுத்துருச்சு. சக்கரை, ரத்தச்சோகை, அதோட தைராய்டும். கோகிலா பதறிப்போயி எனக்குப் போன் போட்டா. நான் ஒடனே வாடகைக் கார் புடிச்சுப் போயி சம்பந்தியம்மாகிட்டச் சொன்னேன். மொதப் பிரசவம் எங்க செலவு, அதுதானே முறை, டெஸ்ட்டெல்லாம் எங்க ஊர்ல தெரிஞ்ச லேப்புல எடுத்துக்கறோம், பொண்ணும் ஒரு நாள் அம்மா வீட்டுல இருந்த மாதிரி ஆகும்னு. முறைன்னு சொன்னா ருக்மணி ஒண்ணும் பேசாது. அனுப்பிருச்சு.

சக்கரைக்கும் சோகைக்கும் கோகிலா ரத்தம்தான் குடுத்தோம். தைராய்டுக்கு மட்டும் மறுநாள் சின்னவளைக் கூட்டிட்டுப் போனேன். நிவேதா. அப்ப அவ காலேஜ் மொத வருஷம், அவளுக்கு ஒரு சீக்கும் கிடையாது. அன்னிக்கு இருந்த லேப்புக்காரப் பொண்ணு கோகிலாவைப் பாத்தது இல்லை, மொத நாள் இருந்தது வேற ஆளு. பேரைக் கேட்டப்ப நான் முந்திக்கிட்டு கோகிலவாணின்னு சொல்லிட்டேன். நிவேதா என் மூஞ்சியைப் பாத்தா. கையை நீட்டுடின்னேன். நீட்டிட்டா.

இதுல என்ன கண்ணு இருக்கு? ரெண்டும் என் வயித்துல பொறந்ததுதானே. ரெண்டு பேருக்கும் குரூப்புகூட ஒண்ணுதான். ரிப்போர்ட்டு வந்துச்சு, எல்லாம் சரியா இருக்குன்னு. காங்கேயம் டாக்டரம்மா பாத்துட்டு, பொண்ணு நல்லா இருக்கா, ஒண்ணும் பிரச்சனை இல்லைன்னு சொல்லிருச்சு. சம்பந்தியம்மா என் கையைப் புடிச்சுக்கிச்சு. அன்னிக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன். அந்த மாதிரித் தூக்கம் அதுக்கப்புறம் வரலை.

வளைகாப்பு அன்னிக்கு அவளைப் பாத்தப்ப எனக்கே சுருக்குன்னு இருந்துச்சு. மூஞ்சி ஊதிப்போயி, குரல் தடிச்சுப்போயி, வளையல் போடறதுக்குள்ள உக்காந்தபடியே தூங்கி விழறா. வயித்துப் புள்ளைக்காரி அப்படித்தான்னு வந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஆனா சொன்ன சொல்லைக் காப்பாத்தினேன். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அந்த வாரமே ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். மறக்கலை பாரு.

அந்த டாக்டர் புதுசா ரத்தம் எடுக்கச் சொல்லி, அந்த ரிப்போர்ட்டைப் பாத்துட்டு நாற்காலியில சாஞ்சுட்டாரு. இத்தனை மாசம் எங்கம்மா போனீங்கன்னு சத்தம் போட்டாரு. வயித்துல இருக்கற கொழந்தைக்கு மொத மூணு நாலு மாசம் தைராய்டு சுரப்பி வேலை செய்யாதாம். மூளை உருவாகற நேரமாம் அது. அதுக்கு வேணும்ங்கறது எல்லாம் அம்மா ரத்தத்துல இருந்துதான் போகணுமாம். இவ ரத்தத்துல அதுவே இல்லையேம்மா, எங்கிருந்து போயிருக்கும்ங்கறாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. ஏழாம் மாசத்துல வந்தவங்ககிட்ட மொத மாசத்தைப் பத்திப் பேசி என்ன டாக்டர் பிரயோசனம், நடந்ததை விட்டுட்டு ஆகறதைச் சொல்லுங்கன்னேன். அவரு அதுக்கப்புறம் கோகிலா பக்கம் திரும்பிட்டாரு. அவகிட்டயே பேசினாரு. மாத்திரை எழுதிக் குடுத்தாரு. என் வீட்டுல இருந்த அத்தனை நாளும் விடியக்காலைல நானே எந்திரிச்சு அவ வாயில போட்டேன். அதை யாரு நெனச்சுப் பாக்கறா?

கொழந்தை பொறந்தப்ப எவ்வளவு அழகுங்கறே. கொழுகொழுன்னு. அதுக்கும் குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, கொழந்தைக்குத் தைராய்டு இல்லைன்னு வந்துருச்சு. பாத்தியா, அந்த டாக்டர் வீணா மெரட்டினாருன்னு சொன்னேன். அழவே மாட்டா இவ. தொட்டில்ல போட்டா போட்டபடி மேல பாத்துட்டுக் கிடப்பா. பாக்க வந்தவங்க எல்லாம் இவ்வளவு சமத்தான கொழந்தையைப் பாத்ததே இல்லைன்னாங்க. நானும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். கோகிலாதான் ராத்திரியில ஒக்காந்து இவ மூஞ்சியையே பாத்துட்டு இருப்பா. அம்மா, என்னைப் பாத்துச் சிரிக்க மாட்டேங்கறாம்மான்னு கேப்பா. சிரிப்பா, எல்லாக் கொழந்தையும் ஒரே மாதிரியான்னு சொல்லுவேன்.

சிரிக்கலை. குப்புற விழறது லேட்டு, உக்கார்றது லேட்டு, நடந்தது ரொம்ப லேட்டு. நடந்தாலும் விரல் நுனியில நடந்தா. யாரோட கண்ணையும் பாக்க மாட்டா. ஒரு மூடியைத் தரையில சுத்த விட்டு, அது விழுந்ததும் எடுத்து மறுபடி சுத்த விட்டு, நாள் முழுக்க அதுதான். பிரசவத்துக்கு உங்க வீட்டுக்கு அனுப்பினப்பவே யாரோ கண்ணு வெச்சுட்டாங்கன்னு ருக்மணி சொல்லும். உங்க வீட்டுல கிரகணத்தன்னிக்கு வெளிய விட்டீங்களான்னு நான் கேப்பேன். இப்படியே ரெண்டு பேரும் வருஷத்தை ஓட்டினோம்.

கடைசியில கோயமுத்தூர்ல ஒரு கொழந்தை டாக்டர்கிட்ட எல்லாரும் போனோம். கோகிலா, மாப்பிள்ளை, ருக்மணி, நான். அவரு நெறயக் கேள்வி கேட்டாரு. பிரசவத்துல மூச்சுத் திணறுச்சா, காய்ச்சல்ல வலிப்பு வந்துச்சா, சொந்தத்துல கட்டினதான்னு. எல்லாத்துக்கும் இல்லை இல்லைன்னு சொல்லிட்டு வந்தோம். அப்பறம் மாசமா இருக்கறப்ப அம்மாவுக்குத் தைராய்டு இருந்துச்சான்னு கேட்டாரு.

இல்லைங்க டாக்டர்னு நான்தான் சொன்னேன். டக்குனு சொன்னேன். அதோட முடிஞ்சிருக்கும் கண்ணு. அவரு பேனாவை எடுத்துட்டாரு எழுதறதுக்கு.

இருந்துச்சு டாக்டர்னு சொல்லிட்டா எம் பொண்ணு.

காலேஜ்ல இருந்து இருந்துச்சு, மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தேன், மாசமானதும் நிறுத்திட்டேன், ரத்தம் என் தங்கச்சியோடதுன்னு. வரிசையாச் சொல்றா. அழுகைகூட இல்லை. மாப்பிள்ளை அவளைப் பாக்கறாரு, ருக்மணி என்னைப் பாக்குது, நான் தரையைப் பாக்கறேன். டாக்டர் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு, இதனாலதான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது, வேற காரணமும் இருக்கலாம், ஆனா இதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம், அப்பவே மாத்திரை எடுத்திருந்தா நல்லதுன்னாரு.

நல்லாக் கேட்டுக்கோ. உறுதியாச் சொல்ல முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. படிச்சவரு, அத்தனை பெரிய ஆஸ்பத்திரி. அவராலயே சொல்ல முடியலை. இவங்க மட்டும் எப்படி என்னைச் சொல்லலாம்?

அன்னிக்கு அவ வாயை மூடிட்டு இருந்திருந்தா இன்னிக்குக் காங்கேயத்துல மகராசியா இருந்திருப்பா. கொழந்தை இப்படித்தான் இருக்கும், அது தலையெழுத்து. ஆனா வீடு இருந்திருக்கும், புருசன் இருந்திருப்பான். சொன்னதால கொழந்தைக்குப் பேச்சு வந்துருச்சா? வரலையே. இதைத்தான் நான் அவகிட்டக் கேட்டேன். ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். அதுக்கப்புறம் அவ என்கிட்டப் பேசறதே இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேன்ல போறா, இருட்டினதும் வர்றா. சோத்தைப் போட்டுத் தின்னுட்டு இவ பக்கத்துல படுத்துக்கறா. வீட்டுச் செலவுக்குக்கூட அவங்கப்பா கையிலதான் குடுப்பா.

அந்தக் கூத்தையும் சொல்லிர்றேன். கோயமுத்தூர்ல இருந்து வந்த வாரமே ருக்மணி ஆளுகளைக் கூட்டி வெச்சுப் பேசுச்சு. சீக்குக்காரியைப் பொய் சொல்லித் தலையில கட்டிட்டாங்க, எங்க வம்சத்தையே கெடுத்துட்டாங்கன்னு. நான் எவ்வளவோ கால்ல விழாத குறையாக் கேட்டேன். துணிமணியை எடுத்துக்கச் சொல்லிருச்சு. கோகிலா உள்ள போனா. அவ நகை மாமியார் பீரோவுலதான் இருந்துச்சு, சாவியைக் குடுத்து நீயே எடுத்துக்கன்னு விட்டுருச்சு அந்தம்மா. அத்தனை கோவம்.

வெளிய வந்தப்ப ஒரு கையில நகைப் பெட்டி, இன்னொரு கையில ஒரு குட்டி பாட்டில். பட்டுச் சேலைக்கு அடியில இருந்துச்சாம். எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுருச்சு, கோகிலா காலேஜ் படிக்கறப்ப எத்தனை வாங்கியிருக்கேன். அதே மாத்திரைதான். ருக்மணி காலைல பிரஷர் மாத்திரைன்னு போடுமே, அதுதான் இது. கோகிலா அதைக் கொண்டுவந்து எல்லார் முன்னாடியும் டேபிள் மேல வெச்சா. தன்ஷியைத் தூக்கிட்டு வந்து கார்ல ஏறிட்டா. மாப்பிள்ளை அந்த பாட்டிலையே பாத்துட்டு நின்னாரு. அவருக்கே தெரியாதாம், பெத்த மகனுக்கே.

கார்ல வர்றப்பத்தான் சொன்னா. அம்மா, தினம் காலைல அத்தையும் நானும் ஒரே அடுப்பு முன்னாடிதான் நின்னோம். அவங்க மாத்திரையை எனக்குத் தெரியாம போட்டாங்க, நான் அவங்களுக்குத் தெரியாம போடாம இருந்தேன். ஒருத்தர் வாயைத் திறந்திருந்தாப் போதும்மான்னு. சொல்லிட்டுச் சிரிச்சா. அந்தச் சிரிப்பு நல்லா இல்லை கண்ணு.

ஆனா ருக்மணியோட கெட்டிக்காரத்தனத்தைப் பாரு. எத்தனை வருஷம் புருசனுக்குத் தெரியாம, மகனுக்குத் தெரியாம ஓட்டியிருக்கு. பிரஷர்னு ஒரு வார்த்தை சொல்லி முடிச்சுருச்சு. அந்தச் சாமர்த்தியம் எம் பொண்ணுக்கு இல்லையேன்னுதான் எனக்கு ஆத்திரம். பிரஷர்னு சொல்லிக்கோடின்னு நான் அப்பவே சொல்லிக் குடுத்திருக்கணும். எனக்கும் தோணலை.

பச்சைத் தண்ணி இருக்கு, குடிக்கறியா? மூஞ்சி வெளுத்துப்போச்சே. பஸ்ஸு ஆட்டம் அப்படி. மாசமா இருக்கறவகிட்ட இதையெல்லாம் பேசியிருக்கக் கூடாது. நீ பாட்டுக்கு உன் டாக்டர் சொல்றதைக் கேட்டுக்கோ. உனக்கு ஒண்ணும் இல்லையே? அப்பறம் என்ன.

என் கவலை இப்ப சின்னவ. நிவேதாவுக்கும் போன வருஷம் வந்துருச்சு. அதே தைராய்டுதான். நான் யார்கிட்டயும் மூச்சு விடலை. இப்ப பெருந்துறையில இருந்து ஒரு எடம் வருது. பையன் பேங்குல வேலை, வர்ற வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க. பெரியவ வாழாம வந்து உக்காந்திருக்கறப்ப இப்படி ஒரு எடம் வர்றதே பெருசு. ஆனா இந்தப் பொண்ணு என்ன பண்றா தெரியுமா? மாத்திரை பாட்டிலைக் கொண்டுபோயி ஃப்ரிட்ஜ் மேல வெக்கறா. வர்றவங்க போறவங்க எல்லாம் பாக்கற மாதிரி. நான் எடுத்து உள்ள வெப்பேன், அவ எடுத்து மறுபடி அங்கயே வெப்பா. நான் சொல்லிட்டுத்தான் கட்டிக்குவேன்ம்மா, கட்டாட்டிப் போனாப் போகுதுங்கறா. வெள்ளிக்கிழமை அதே எடத்துல அது நின்னா என்ன ஆகறது? அதான் இன்னிக்குக் காலைல கிளம்பறப்ப அவ குளிக்கப் போன நேரத்துல எடுத்து...

இரு கண்ணு, போன் அடிக்குது. அவதான்.

சொல்லு நிவேதா. பஸ்ஸுலதான். மொடக்குறிச்சி தாண்டிருச்சு. எந்த பாட்டில்? எனக்கென்ன தெரியும், நான் பாக்கலையே. சோபாவுக்கு அடியில பாரு, உருண்டிருக்கும். நல்லாத் தேடிப் பாரு.

தன்ஷி, ஆட்டாதே. ஏ புள்ளே, சும்மா இரு. கையை விடு, விடுங்கறேன்ல.

ஒண்ணுமில்லை, பஸ்ஸு சத்தம். என்ன சத்தம்? இல்லை. இல்லடி. அது வந்து... நிவேதா, நான் சொல்றதைக் கேளு. நேத்தேவா? யாரைக் கேட்டுச் சொன்னே? நிவேதா. நிவேதா.

வெச்சுட்டா.

காதுல விழுந்துருச்சு அவளுக்கு. இவ ஆட்டினது. தன்ஷி கையில இருக்கறது என்னதும்மான்னு கேட்டா. தெரிஞ்சுதான் கேட்டிருக்கா. பெருந்துறைப் பையனுக்கு நேத்தே போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாளாம். அக்கா கதை, ரத்தம் குடுத்தது, தன்ஷி, ஒண்ணு விடாம. அவங்க என்ன சொன்னாங்கன்னு நான் கேக்கறதுக்குள்ள, அன்னிக்கு என் ரத்தத்தை எடுத்தே, இன்னிக்கு என் மாத்திரையை எடுத்துட்டே, ரெண்டையும் நீதானேம்மா எடுத்தேன்னு கேட்டா. கத்தலை. கோகிலா அன்னிக்கு டாக்டர்கிட்டப் பேசின அதே மாதிரி பேசறா. நான் வேற பாட்டில் வாங்கிக்கறேன், அதைத் தன்ஷியே வெச்சுக்கட்டும்னுட்டா.

நான் யாருக்காக இதையெல்லாம் பண்ணினேன்? சொல்லு கண்ணு.

சோலார் ஸ்டாப்பிங் வந்துருச்சு. இனி பஸ் ஸ்டாண்டுதான். இறங்கறப்ப முண்டாதே, எல்லாரும் இறங்கட்டும், படியைப் பாத்து இறங்கு.

அந்த பாட்டிலை ஏன் கண்ணு இவ கையில இருந்து வாங்கப் பாக்கறே? கத்துவா. விடு. இனி அவ ஆட்டினா என்ன, ஆட்டாட்டி என்ன.